ஜப்பானிய கிரீன் டீ வகைகளை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்ச்சா, கியோகுரோ, ஹோஜிச்சா என்று நாலைந்து பாக்கெட் வாங்கி, ஒரே மாலையில் எல்லாவற்றையும் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாமே பச்சை வாசனைதான், ஒன்று மட்டும் வறுத்த மாதிரி இருக்கு" என்று முடித்துக்கொள்பவர்கள் நிறைய. அவர்கள் நாக்கில் எந்தக் குறையும் இல்லை. இலையால் வரும் வித்தியாசத்தையும் தண்ணீர்ச் சூட்டால் வரும் வித்தியாசத்தையும் பிரிக்காமல் குடித்ததுதான் சிக்கல்.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. முதல் முறை செய்பவர்கள் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எதை எதோடு வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் கிடைக்கும் எல்லா வகையும் வேண்டாம். ஒரு அமர்வில் நான்கு போதும்; ஐந்தைத் தாண்டினால் துவர்ப்பு நாக்கில் ஏறி நின்றுவிடும், கடைசிக் கோப்பைகள் எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

என் சிபாரிசு: ஒரு சாதாரண சென்ச்சா, ஒரு ஃபுகாமுஷி சென்ச்சா, ஒரு கியோகுரோ, ஒரு ஹோஜிச்சா. கியோகுரோ விலை கட்டாவிட்டால் கபுசேச்சா வாங்கலாம். அதுவும் நிழலில் வளர்த்த இலைதான், நாட்கள் குறைவு.

இந்த நான்கும் சும்மா எடுத்த நான்கு அல்ல. ஒவ்வொன்றும் முதலாவதிலிருந்து ஏதோ ஒரு வேலையில் மட்டும் பெரிதாக விலகுகிறது. சென்ச்சாவைப் பறித்த உடனே அரை நிமிடம் போல ஆவியில் வேகவைப்பார்கள். ஃபுகாமுஷிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம். கியோகுரோ செடியைப் பறிப்பதற்கு முன் ஏறக்குறைய 20 நாள் வெயில் படாமல் மூடி வைப்பார்கள்; கபுசேச்சாவுக்கு ஒரு வாரம், பத்து நாள். ஹோஜிச்சா என்பது வேகவைத்துக் காயவைத்த பச்சை இலையை மறுபடி வறுத்தது. ஆக, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: கூடுதலாக வேகவைத்தால் என்ன ஆகும், நிழல் என்ன செய்யும், நெருப்பு என்ன செய்யும்.

மாச்சாவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். மற்றவற்றில் இலையை ஊறவைத்து வடித்துவிடுகிறோம். மாச்சாவில் பொடித்த இலையையே குடிக்கிறோம். அதை வேறொரு நாளில் இன்னொரு மாச்சாவோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

50 கிராம் பாக்கெட் போதும். திறந்த கிரீன் டீ சில வாரங்களிலேயே வாசனை இழக்கும். ஒன்று புதிது, மற்றொன்று போன வருடம் திறந்தது என்றால் நீங்கள் ஒப்பிடுவது வயதைத்தான்.

பாக்கெட்டில் பறிப்பு விவரம் இருந்தால் எல்லாமே முதல் பறிப்பாக இருக்கட்டும். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் வரும் முதல் பறிப்பில் தியானின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஜூன், ஜூலையில் வரும் இரண்டாம் பறிப்பில் அது குறைந்து துவர்ப்பு கூடும். முதல் பறிப்புக் கியோகுரோவையும் இரண்டாம் பறிப்புச் சென்ச்சாவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, நிழலின் மகிமை என்று எழுதிவைப்பது சரியாகாது. ஹோஜிச்சாவுக்கு மட்டும் இந்த நிபந்தனை வேண்டாம். அது பெரும்பாலும் பிந்தைய பறிப்பிலிருந்தே வருகிறது.

செடியின் ரகம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானில் அதிகம் பயிராவது யாபுகிதா, 1953-ல் பதிவான ரகம். இரண்டு சென்ச்சாவும் யாபுகிதாவாக அமைந்தால், ஆவியில் வேகவைத்த நேரத்தின் வித்தியாசம் சுத்தமாகத் தெரியும். சாயெமிதோரி, யுதகாமிதோரி போன்றவை இயல்பிலேயே வேறு சுவை கொண்டவை. அவற்றை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊரும் துப்புக் கொடுக்கும். ஷிசுவோகா மாகாணத்தில் மாகினோஹாரா, காகேகாவா பக்கம் ஃபுகாமுஷிக்குப் பேர்போனது. அதே மாகாணத்தின் கவானே மலைப்பகுதியிலும், கியோத்தோவை அடுத்த உஜியிலும் குறைவாக வேகவைத்த வகைகளைத் தேடலாம். கியோகுரோ என்றால் ஃபுகுவோகா மாகாணத்து யாமே, அல்லது உஜி.

3. சாமான்கள்

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, வெப்பமானி, செல்போன் டைமர், நுண்ணிய வடிகட்டி, ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகள். அவ்வளவுதான்.

தராசை விட்டுவிட்டு ஸ்பூன் கணக்கில் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹோஜிச்சா இலை பெரிது, லேசானது. ஃபுகாமுஷி பாதி தூள். இரண்டிலும் ஒரே ஸ்பூன் எடுத்தால் எடை இரண்டு மடங்குக்கும் மேல் மாறலாம். அப்புறம் "ஃபுகாமுஷி ரொம்ப ஸ்ட்ராங்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

கோப்பை வெள்ளையாக இருக்க வேண்டியது நிறத்துக்காக. ஜப்பானில் தரம் பார்ப்பவர்களும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில்தான் இலையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பார்க்கிறார்கள். க்யூசு என்ற கைப்பிடித் தேநீர்க் குடுவை ஒன்று இருந்தால் ஏழாம் படியில் உதவும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இரும்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம். இரும்பு தேநீரின் துவர்ப்புப் பொருட்களோடு சேர்ந்து நிறத்தைக் கறுக்க வைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஜப்பானியத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, இந்த இலைகளும் அந்தத் தண்ணீருக்கென்றே தயாரானவை. சுண்ணாம்பு உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் போட்டால் பச்சை நிறம் மங்கி மஞ்சள் பழுப்பாகும், வாசனையும் அடங்கிப்போகும். நல்ல கேன் தண்ணீரோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ போதும். அமர்வு முழுவதற்கும் ஒரே தண்ணீர். பாதியில் வேறு கேன் மாற்றாதீர்கள்.

4. நாக்கைத் தயார் செய்தல்: ஒரே சென்ச்சா, மூன்று சூடு

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான். வகைகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரே இலையைத் தண்ணீர் எப்படியெல்லாம் மாற்றும் என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னால் வரும் எந்தக் குறிப்பையும் நம்ப முடியாது.

சாதாரண சென்ச்சாவில் 2 கிராம் வீதம் மூன்று கோப்பைகளில் போடுங்கள். ஒன்றுக்கு 60 டிகிரி செல்சியஸ், இன்னொன்றுக்கு 80, மூன்றாவதற்குக் கொதிநீர். ஒவ்வொன்றிலும் 100 மில்லி, ஒரு நிமிடம். வடித்து, ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு ஆறவிட்டு, 60-லிருந்து ஆரம்பித்துக் குடியுங்கள்.

60 டிகிரிக் கோப்பையில் இனிப்பும், வாயில் தங்கி நிற்கும் ஒரு கனமும் முன்னால் வரும். அந்தக் கனம்தான் உமாமி. காய்ந்த காளான் ஊறிய தண்ணீரிலும் நன்கு பழுத்த தக்காளியிலும் இருக்கும் அதே சுவை. தியானினும் மற்ற அமினோ அமிலங்களும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும், அதனால் அங்கே அவை தனித்துத் தெரிகின்றன.

சூடு ஏற ஏற, துவர்ப்புத் தரும் கேட்டகின்களும் காஃபீனும் அதிகமாக இறங்கும். அமினோ அமிலங்கள் எங்கேயும் போகவில்லை. மற்றவை மேலேறி அவற்றை மறைக்கின்றன. கொதிநீர்க் கோப்பையில் துவர்ப்பும் கசப்பும் சேர்ந்து வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பழகுங்கள். கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு, பாக்கு மென்றது போலக் கன்னத்தின் உட்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். கேட்டகின்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வரும் இழுப்பு அது.

மூன்று கோப்பையும் வேறு வேறு டீ என்று சத்தியம் செய்யத் தோன்றும். அந்த ஆச்சரியத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. முதல் சுற்று: எல்லா இலைக்கும் ஒரே தண்டனை

இப்போது நான்கு வகையையும் ஒரே அளவில் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் 2 கிராம், 100 மில்லி கொதிநீர், 2 நிமிடம். தேநீர் தரம் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச அளவுகோலும் 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதில் 6 நிமிடம். ஜப்பானியப் பச்சை இலைக்கு அது வீட்டில் குடிக்க முடியாத துவர்ப்பைத் தரும், 2 நிமிடத்திலேயே வேண்டிய வித்தியாசம் தெரிந்துவிடும்.

"கியோகுரோவைக் கொதிநீரில் போடலாமா, வீணாகிவிடுமே" என்று எல்லோரும் தயங்குவார்கள். போடத்தான் வேண்டும். ருசியாகக் குடிப்பது இந்தச் சுற்றின் வேலை இல்லை. நிலைமையைச் சமமாக்கினால், மிச்சமிருக்கும் வித்தியாசம் முழுக்க இலையுடையது என்று துணிந்து சொல்லலாம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காய்ந்த இலையைப் பாருங்கள். சென்ச்சா ஊசி ஊசியாக, பளபளப்பாக இருக்கும். ஃபுகாமுஷி உடைந்து தூளோடு கலந்திருக்கும். அதிக நேரம் வெந்த இலை மிருதுவாகி, உருட்டும்போது நொறுங்கிவிடுகிறது. கியோகுரோவின் பச்சை மற்றதைவிட அடர்த்தி. கோப்பையை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துவிட்டு, இலையை அதில் போட்டு மூடி, பத்து வினாடி கழித்து முகருங்கள். பாக்கெட்டிலிருந்து முகர்வதைவிட வாசனை பல மடங்கு மேலெழும்.

வடித்த பின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்ச்சா தெளிவான மஞ்சள் பச்சை, ஃபுகாமுஷி கலங்கலான கரும்பச்சை, ஹோஜிச்சா செம்பழுப்பு. கலங்கல் என்றால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஃபுகாமுஷியில் இலைத்துகள் தண்ணீரில் மிதப்பதால்தான் அந்த நிறமும், வாயை நிரப்பும் பதமும் வருகின்றன. துவர்ப்பும் சென்ச்சாவைவிட மட்டாகவே தெரியும்.

கியோகுரோவில் கொதிநீரையும் மீறி ஓர் உமாமி நிற்கிறதா என்று தேடுங்கள். நல்ல இலையில் நிற்கும். தியானின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது; வெயில் பட்டால் கேட்டகினாக மாறத் தொடங்கும். மூடிவைத்த செடியில் அந்த மாற்றம் மட்டுப்படுவதால் தியானின் அப்படியே மிஞ்சுகிறது. கூடவே நோரி எனப்படும் காய்ந்த கடற்பாசியின் வாசனையும் வரும். அது டைமெத்தில் சல்ஃபைடின் வேலை, நிழலில் வளர்ந்த இலையின் அடையாளம். முதல் முறை முகர்பவர்கள் பாக்கெட் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்து வைத்துவிடுவது உண்டு. கெடவில்லை.

6. குடிக்கும் வரிசை

சென்ச்சா, ஃபுகாமுஷி, கியோகுரோ, ஹோஜிச்சா. இந்த வரிசை மாறக் கூடாது. ஹோஜிச்சாவின் வறுத்த வாசனை மூக்கில் தங்கிவிடும். அதை முதலில் குடித்தால் அடுத்த சென்ச்சாவின் பசுமை வாசனை பாதி காணாமல் போகும். வறுத்த அரிசி கலந்த கென்மைச்சா சேர்த்தால் அதுவும் ஹோஜிச்சாவோடு கடைசியில்தான்.

சூடாக ஒரு வாய், கொஞ்சம் ஆறியபின் ஒரு வாய் என்று இரண்டு தடவை வாருங்கள். ஆவி பறக்கும்போது மூக்குக்கு நிறையக் கிடைக்கும், நாக்குக்குக் குறைவாகவே தெரியும். கை பொறுக்கும் சூட்டில்தான் இனிப்பும் உமாமியும் தெளிவாகும். சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு கலந்து உள்ளே போனால் வாசனை மூக்கின் பின்புறம் ஏறும்.

இடையில் வெறும் தண்ணீர், தேவைப்பட்டால் ஒரு வாய் வெறும் சோறு. பிஸ்கட் வேண்டாம், இனிப்பு அடுத்த கோப்பையைக் கசக்க வைக்கும். அன்று காலை பூண்டு, வெங்காயம், காபி எதுவும் இல்லாமல் உட்கார்ந்தால் நல்லது. ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம், குமட்டும்.

காஃபீனையும் யோசியுங்கள். ஜப்பானிய அரசின் உணவு அட்டவணைப்படி 100 மில்லி கியோகுரோவில் 160 மில்லிகிராம் காஃபீன், சென்ச்சாவில் 20. கியோகுரோவை நிறைய இலை, கொஞ்சம் தண்ணீர் என்று போடும் முறைக்கான கணக்கு அது. எனவே அமர்வைப் பகலில் வையுங்கள், அடுத்த சுற்றில் கியோகுரோவை ஒன்றிரண்டு மடக்கோடு நிறுத்துங்கள். துப்பிவிடுவதிலும் தவறில்லை.

7. இரண்டாம் சுற்று: ஒவ்வொன்றுக்கும் அதனதன் முறை

இதை வேறொரு நாளில் செய்வதே நல்லது. இலையின் குணம் இப்போது தெரியும். இனி அந்த இலையை ஜப்பானில் எப்படிக் குடிக்கிறார்களோ அப்படிப் போட்டு, எது நமக்குப் பிடிக்கிறது என்று பார்க்கலாம்.

சென்ச்சாவுக்கு 4 கிராம், 150 மில்லி, 75 டிகிரி, ஒரு நிமிடம். ஃபுகாமுஷிக்கு அளவும் சூடும் அதேதான், நேரம் மட்டும் 30 முதல் 40 வினாடி. தூள் இலையில் தண்ணீர் சீக்கிரம் புகுந்துவிடும். ஒரு நிமிடம் விட்டால் வடிகட்டி அடைத்துக்கொண்டு, வடியும் நேரத்திலேயே இன்னும் ஊறிக் கசந்துவிடும்.

கியோகுரோவின் கணக்கே வேறு. 4 கிராமுக்கு 50 மில்லி தண்ணீர்தான், 50 முதல் 55 டிகிரி, 2 நிமிடம். கிடைப்பது நாலு மடக்கு. சாதாரண டீ போல ஒரு கப் நிறைய ஊற்றி, "இதற்கா இந்த விலை" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நாக்கில் ஒரு மடக்கை நிறுத்தி மெல்ல விழுங்கிப் பாருங்கள். சூப் மாதிரியான அந்தக் கனம் சென்ச்சாவில் எந்தச் சூட்டிலும் வராது. கபுசேச்சாவுக்கு இடைப்பட்ட வழி: 65 டிகிரி, ஒன்றரை நிமிடம், தண்ணீர் சென்ச்சா அளவு.

ஹோஜிச்சாவுக்கும், முதிர்ந்த இலையில் வரும் பான்ச்சாவுக்கும், கென்மைச்சாவுக்கும் கொதிநீர், 4 கிராமுக்கு 200 மில்லி, 30 வினாடி. இவற்றில் நமக்கு வேண்டியது வாசனை. வறுக்கும்போது உருவாகும் பைரசின்கள் என்ற வாசனைப் பொருட்கள் சூட்டில்தான் நன்றாக எழும். 70 டிகிரியில் போட்ட ஹோஜிச்சா சப்பென்று இருக்கும்.

வெப்பமானி இல்லாத நாளில் கொதித்த தண்ணீரை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றினால் தடவைக்கு ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். கோப்பையின் தடிமனும் அறையின் சூடும் இதை மாற்றும் என்பதால் ஒப்பிடும் நாளில் இதை நம்பாதீர்கள்.

குடுவையைக் கடைசிச் சொட்டு வரை சாய்த்து வடியுங்கள். சுவை செறிந்தது அந்தச் சொட்டுகளில்தான். மிச்சம் தண்ணீர் நின்றால் இலை ஊறிக்கொண்டே இருந்து அடுத்த ஊற்றைக் கெடுக்கும்.

8. அடுத்தடுத்த ஊற்றுகளையும் ஒப்பிடுங்கள்

இரண்டாம் ஊற்றில் சூட்டை 80, 85-க்கு ஏற்றி, 10 அல்லது 15 வினாடியில் வடித்துவிடுங்கள். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதால் நேரம் வேண்டியதில்லை. அமினோ அமிலங்களில் பெரும்பகுதி முதல் ஊற்றிலேயே போயிருக்கும், இப்போது சுறுசுறுப்பான துவர்ப்பு வரும். சென்ச்சாவில் எனக்கு இந்த ஊற்றுதான் முதலாவதைவிடப் பிடிக்கும்.

எந்த இலை எத்தனை ஊற்றுத் தாங்குகிறது என்பதே ஒரு நல்ல அளவுகோல். ஹோஜிச்சா இரண்டாவதிலேயே தளர்ந்துவிடும். கியோகுரோ மூன்று வரை வரும். முடிந்ததும் அந்த இலையைச் சில துளி சோயா சாஸ் விட்டுச் சாப்பிடலாம். ஜப்பானில் அப்படித்தான் செய்கிறார்கள், இலையும் கீரை போல மிருதுவாக இருக்கும்.

9. குறிப்பும், கண்ணை மறைத்த சோதனையும்

ஒவ்வொரு கோப்பைக்கும் ஐந்தே வார்த்தைத் தலைப்பு: வாசனை, இனிப்பு, உமாமி, துவர்ப்பு, கசப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். "நன்றாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள், அடுத்த மாதம் அது எதையும் சொல்லாது. வேகவைத்த கீரை, பச்சைப் பட்டாணி, பொரி, கடற்பாசி என்று வாய்க்குத் தெரிந்த பெயரை எழுதுங்கள். குடித்த உடனே, அடுத்த கோப்பையைத் தொடுவதற்கு முன் எழுத வேண்டும்.

விலை தெரிந்த நாக்கு பொய் சொல்லும். அதனால் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, கோப்பைக்கு அடியில் பெயர் ஒட்டி இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இரண்டு சென்ச்சாவையும் ஒப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டே குடியுங்கள். இன்னும் கடுமையாகச் சோதிக்க, மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. எது வேறு என்று திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னால்தான் அந்த வித்தியாசம் உண்மையில் உங்களுக்குத் தெரிகிறது என்று பொருள்.

10. எதிர்பார்த்த சுவை வராவிட்டால்

எல்லாமே தட்டையாக இருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள், அப்புறம் பாக்கெட்டின் வயதை. எல்லாமே கசந்தால் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டுச் சரிபாருங்கள். சமதளத்தில் 100 பக்கம் காட்ட வேண்டும். கியோகுரோ மட்டும் சென்ச்சா போல இருந்தால், பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகியிருக்கும்.

இலையில் ஃபிரிட்ஜ் வாசனை அடித்தால் அது இலையின் குற்றம் இல்லை. திறந்த பாக்கெட்டைக் காற்று நீக்கி இறுக்கிக் கட்டி, டப்பாவில் போட்டு, வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். திறக்காத பாக்கெட்டுகளை ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இலையில் ஈரக்காற்று பட்டு நீர் கோத்துக்கொள்ளும். அமர்வுக்கு முந்தின இரவே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

இந்த நான்கும் பிடிபட்ட பின், அடுத்த ஜோடியாக ஒரு காமாயிரிச்சாவை வாங்கிச் சென்ச்சாவோடு வையுங்கள். சாகா மாகாணத்து உரேஷினோவிலும் மியாசாகியிலும், ஆவிக்குப் பதில் சூடான இரும்புச் சட்டியில் இலையை வாட்டித் தயாரிப்பது அது. அதற்கும் முதல் சுற்று கொதிநீரில்தான்.